கிளாட் கோடின் ஸ்கில்ஸ்: வெள்ளவத்தை அலுவலகம் ஒன்றின் மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் நான்கு பேராக மென்பொருள் எழுதிக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில், வேலை தெரிந்தவர் ஊருக்குப் போனால் வேலையும் நின்றுவிடும் என்பது நெடுநாளைய குறை. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும் நுணுக்கம் ஒருவருக்கு மட்டுமே தெரியும்; அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனால் 25 நாளும் அந்த வேலை கிடப்பில் கிடக்கும். ஏஐ நிரலாக்க முகவர் வந்த பின்னும் இது தீரவில்லை, ஏனெனில் முகவரும் ஒவ்வொரு காலையும் முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலவே வந்து அமர்ந்தது; நேற்றுச் சொன்னதை இன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட ஸ்கில்ஸ் என்னும் வசதியை, அந்நிறுவனத்தின் கிளாட் கோட் முகவரில் சில மாதங்கள் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன்.

ஸ்கில் என்பது ஒரு கோப்புறை மட்டுமே. அதற்குள் ஸ்கில் டாட் எம்டி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதன் தலைப்பகுதியில் பெயரும் விவரணமும், கீழே வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல்களும் சாதாரண வசனங்களில் இருக்கும். வேண்டுமானால் அட்டவணைகளையும் ஸ்கிரிப்டுகள் எனும் சிறு நிரல்களையும் கூடவே வைக்கலாம். முகவர் வேலையைத் தொடங்கும்போது பெயரையும் விவரணத்தையும் மட்டுமே வாசிக்கிறது. செய்யவிருக்கும் வேலை விவரணத்தோடு பொருந்தினால்தான் கோப்பு முழுவதையும் திறக்கிறது. உடன் வைத்த கோப்புகளை அதற்கும் பிறகு, தேவைப்பட்டால் மட்டும் தொடுகிறது. எப்போதும் முழுதாக ஏற்றப்படும் கிளாட் டாட் எம்டி கோப்பில் எல்லாவற்றையும் கொட்டி, முகவர் ஒரே வேளையில் மனதில் வைத்திருக்கக்கூடிய அளவான நினைவகத்தை நிரப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்த ஒழுங்கே முதல் நிம்மதி.

நாங்கள் எழுதிய முதல் ஸ்கில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றியது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கங்களும் இருப்பதும், பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்று காட்டும் நாள் எண்ணுடன் பெண்களுக்கு 500 கூட்டப்படுவதும் முகவருக்கு முன்பே தெரிந்திருந்தன. அதற்குப் பிடிபடாதது ஒன்றுதான்: அந்த நாள் எண் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே மார்ச் 1ஆம் திகதி பிறந்தவருக்கு எந்த ஆண்டானாலும் 061 என்றே வரும். திகதிகளைக் கணக்கிடும் வழக்கமான நிரல் நூலகத்திடம் 61ஆம் நாளைக் கேட்டால், லீப் அல்லாத ஆண்டில் அது மார்ச் 2 என்று சொல்லும். சனத்தொகையில் பெரும்பான்மையோரின் பிறந்த நாளை ஒரு நாள் தள்ளிக் காட்டும் இந்தப் பிழை, ஜனவரியில் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் கண்ணில் படவே படாது. இதை ஒரே வசனமாக எழுதி, கூடவே கற்பனை இலக்கங்கள் பத்தை வைத்துச் சரிபார்க்கும் சிறு ஸ்கிரிப்டையும் சேர்த்தோம்.

எழுதியும் முகவர் அதைத் திறக்கவில்லை. பிழை எங்களுடையது: விவரணத்தில் "இலங்கை தொடர்பான விடயங்களுக்கு உதவும்" என்று எழுதியிருந்தோம். எந்தக் கோரிக்கை வரும்போது திறப்பது என்று அந்த வசனத்திலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது, முகவரால் மட்டும் எப்படி முடியும்? "அடையாள அட்டை இலக்கம், என்ஐசி, அதிலிருந்து பிறந்த திகதியோ பாலினமோ எடுத்தல், பதிவுப் படிவத்தைச் சரிபார்த்தல் ஆகியவற்றின்போது பயன்படுத்துக" என்று மாற்றிய அன்றே அது தானாகத் திறக்கத் தொடங்கியது. விவரணத்துக்கு 1024 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. எங்கள் அனுபவத்தில், கோப்பின் உடலை எழுதச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த ஒரு பந்திக்குச் செலவிடுவது தகும்.

பாமினி ஸ்கில்லில்தான் இவ்வசதியின் அருமை முழுமையாகத் தெரிந்தது. பாமினியில் "கொ" என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவோம்: முதலில் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். யுனிகோடிலோ ககரம் முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால் வர வேண்டும். மாற்றும் அட்டவணையில் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றாமல் தனிக் குறிகளிலிருந்து தொடங்கினால், கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே தனித்து நின்று, பக்கம் முழுவதும் புள்ளி வட்டங்களாகத் தெரியும். இந்த விதிகளை நான்கு பக்கத்துக்கு அறிவுறுத்தலாக எழுதினோம்; முகவர் ஒவ்வொரு முறையும் அவற்றை வாசித்துப் புதிதாக ஒரு நிரலை எழுதியது, ஒவ்வொரு நிரலும் சற்றே வேறுபட்டது. அதன் பின் நான்கு பக்கத்தையும் நீக்கிவிட்டு, எங்கள் நண்பர் கையால் சரிபார்த்த ஸ்கிரிப்டை உள்ளே வைத்து, "மாற்றும் நிரலை நீயாக எழுதாதே, இதையே ஓட்டு, ஓட்டிய பின் கொம்பு தனித்து நிற்கும் இடங்களைத் தேடிச் சொல்" என்று இரண்டு வரி எழுதினோம். ஸ்கிரிப்டின் உள்ளடக்கம் நினைவகத்தில் ஏறுவதில்லை, அதன் வெளியீடு மட்டுமே ஏறுகிறது என்பதால் செலவும் குறைந்தது.

அறிவுறுத்தலை எந்த மொழியில் எழுதுவது என்றும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. தமிழில் எழுதினாலும் முகவர் குறைவின்றிப் புரிந்துகொள்கிறது. ஆனால் அதே கருத்துக்குத் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்களை, அதாவது முகவர் உரையைப் பிரித்து எண்ணும் துண்டுகளை, தின்கிறது. வேலை பழக வரும் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பதற்காக உடலைத் தமிழிலேயே வைத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள் ஆங்கிலத்தில் வருவதால் விவரணத்தில் மட்டும் இரு மொழிச் சொற்களும் உள்ளன.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கில் தொகுப்புகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. நாங்கள் இறக்கிய ஒரு தொகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டவை இருந்தன. "தூய்மையான நிரல் எழுதுக" என்பது போன்ற, முகவருக்கு ஏற்கெனவே தெரிந்த போதனைகளே பெரும்பாலும். அவற்றுள் ஒன்றில் இருந்த ஸ்கிரிப்ட் ஓடும்போது வேறொரு முகவரியிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும்படி எழுதப்பட்டிருந்தது. வாசித்துப் பார்த்ததால் தெரிந்தது, தொகுப்பையே அழித்துவிட்டோம். முன்பின் அறியாதவரின் ஸ்கில்லை நிறுவுவது, முன்பின் அறியாதவரின் மென்பொருளை நிறுவுவதற்குச் சமம்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஸ்கில்லில் எழுதப்படுவது அறிவுறுத்தல். முகவர் பெரும்பாலும் கேட்கும், எப்போதும் கேட்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நிரலின் பிரதான கிளைக்கு மாற்றங்களை நேரடியாக ஏற்றக்கூடாது (புஷ் செய்யக்கூடாது) என்பது போன்ற, ஒரு தடவைகூட மீறப்படக்கூடாத விதிகளைக் கிளாட் கோடின் ஹூக் வசதியில் வைப்பதே முறை, ஏனெனில் அது குறித்த கட்டத்தில் கட்டாயம் ஓடும்.

தனிநபருக்கான புரோ சந்தா மாதம் 20 டொலர். எங்கள் வருமானம் ரூபாவில், கட்டணம் டொலரில் என்பதால் நான்கு பேருக்கும் எடுக்காமல் இரண்டு பேருக்கு மட்டும் எடுத்திருக்கிறோம். ஸ்கில் கோப்புகளுக்கெனத் தனிக் கட்டணம் கிடையாது. அவை வெறும் உரைக் கோப்புகளாதலால், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், மற்ற நிரல்களோடேயே இருக்கின்றன. 2025 டிசம்பரில் இந்த வடிவம் திறந்த தரமாக வெளியிடப்பட்டதால் வேறு முகவர்களுக்கும் கொண்டுபோகலாம்.

பாமினி தெரிந்த நண்பர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நினைவு மலரின் 180 பக்கங்கள் மாற்றத்துக்கு வந்தன. ஒரே ஒரு முறைதான் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம்: அட்டவணையில் "ஸ்ரீ" விடுபட்டிருந்தது. அவர் எந்த விசை என்று சொன்னார், நாங்கள் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துக் கமிட் செய்தோம்.