சால்கமா, டார்ட்மத்தா? தெற்கு டெவனில் இரவுக்கு எங்கே ஒதுங்குவது

இங்கிலாந்தின் தெற்கு டெவன் கரையில், ஸ்டார்ட் முனைக்கு ஒரு பக்கம் சால்கம், மறுபக்கம் டார்ட்மத். இரண்டுமே கடல் ஏறி மூழ்கடித்த பழைய பள்ளத்தாக்குகள். கோடையில் இரண்டிலும் பாய்மரப் படகுகள் மொய்க்கும். அழகுக்கு என் ஓட்டு சால்கத்துக்குத்தான். ஆனால் படகில் வருபவர்கள் எதற்குள் நுழைவது என்பதைக் காற்றையும் ஓதத்தையும் (கடல்நீர் ஏறி வற்றுவதையும்) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம், சால்கத்தின் வாசலில் கிடக்கும் மணல் திட்டு. கிழக்குக் கரையிலிருந்து குறுக்கே நீளும் இதன் மேல், நீர் நன்றாக வற்றிய நேரத்தில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஆழம். மேற்குக் கரையை ஒட்டி, சிவப்பு வெள்ளை அடையாளக் கம்பங்கள் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு நேர் வடக்கே போனால் திட்டை விலக்கிப் போய்விடலாம். அமைதியான நாளில், நீர் ஏறும்போது, இதில் ஒரு சிரமமும் இல்லை. பலத்த தெற்குக் காற்று அடித்து, உள்ளிருந்து வற்றும் நீர் அதை எதிர்த்து வெளியே பாயும்போது நிலைமை வேறு. ஆழமில்லாத இடத்தில் அலை குறுகி, செங்குத்தாக எழுந்து உடையும். கடலிலிருந்து பார்த்தால் அலைகளின் முதுகு மட்டுமே தெரிவதால் வாசல் சாதுவாகத் தோன்றும். 1916 அக்டோபர் 27 அன்று மீட்புக்குப் போய்த் திரும்பிய சால்கம் உயிர்காப்புப் படகு இந்தத் திட்டில்தான் கவிழ்ந்தது. 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரை நன்றாக அறிந்தவர்கள்.

டார்ட்மத்தில் அப்படித் திட்டு எதுவும் இல்லை. வாசல் குறுகலானது, ஆனால் ஆழமானது. நீர் ஏறினாலும் வற்றினாலும் போகலாம். இரவில் கிங்ஸ்வேர் பக்கத்து விளக்கின் வெள்ளை ஒளியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரலாம். ஒரே தொல்லை, இரு பக்கமும் உயர்ந்த குன்றுகள் என்பதால் வாசலில் உள்ள கோட்டையருகே காற்று சட்டென்று திசை மாறும், சில சமயம் அடங்கியே போகும். எஞ்சினைத் தயாராக வைத்திருங்கள்.

சரி, உள்ளே வந்தாகிவிட்டது. படகை எங்கே கட்டுவது? வசதி என்றால் டார்ட்மத். இறங்கி நடந்தே கரைக்குப் போகும்படி மெரினாக்கள் (படகு கட்டும் துறைகள்) உண்டு, நீரில் நிலையாக நிறுத்திய மிதவைகளும் பான்டூன்கள் எனும் மிதக்கும் மேடைகளும் தனி. சால்கத்தில் ஊருக்கு எதிரே மிதவையில் கட்டலாம். ஆகஸ்டில் இடம் போதாமல் ஒரே மிதவையில் படகோடு படகாகக் கட்டச் சொல்வார்கள். தெற்கு அலை உள்ளே புகுந்தால் அங்கே இரவெல்லாம் ஆட்டம்தான். அதனால் நான் மேலே, 'பேக்' எனப்படும் ஒதுக்கமான பகுதியின் பான்டூனைத்தான் சிபாரிசு செய்வேன். அந்தப் பான்டூன் கரையோடு சேராதது, ஊருக்கு வாட்டர் டாக்சியிலோ சிறு படகிலோதான் போக வேண்டும். ஆனாலும் அங்கே கிடைக்கும் தூக்கத்துக்கு அது தகும். நங்கூரம் போடுவதானால் கடற்புல் படுகைகளைத் தவிர்த்துவிடுங்கள். சங்கிலி உரசிப் பிய்த்த புல் எளிதில் திரும்ப வளராது.

மிதவையைப் பிடிப்பதில் இரண்டு ஊரிலும் ஒரே முறைதான். முதலில் சுற்றிக் கட்டியிருக்கும் படகுகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்று பாருங்கள். உங்கள் படகைப் போலவே ஆழமான கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பகுதி) உள்ளவற்றைப் பாருங்கள். தட்டையானவை வேறு மாதிரி நிற்கும். ஆழமான கீல் உள்ளவை நீரோட்டத்தை எதிர்த்து நின்றால் நீங்களும் அப்படியே அணுகுங்கள். பின்னாலிருந்து காற்று தள்ளினால் பெரிய பாயை முன்கூட்டியே இறக்கிவிட்டு, முன்பாயை மட்டும் வைத்து மெல்ல மிதவையை நெருங்குங்கள்.

வரும்போதே வானொலியில் துறைமுகத்தைக் கூப்பிட்டு இடம் கேட்டுவிடுவது நல்லது: சால்கம் சேனல் 14, டார்ட்மத் 11. தெற்குக் காற்று வலுக்கும் என்று வானிலை சொல்லியிருந்தால் 14-ஐத் தொடவே வேண்டாம், நேராக 11.