டப்பா காரா, தவணைக் காரா?

கையில் இருக்கும் காசு குறைவு, ஆனால் கார் வேண்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பதினைந்து இருபது வயதான வண்டியை அடிமாட்டு விலைக்கு ரொக்கமாக வாங்குவது. இன்னொன்று, நான்கைந்து வயதான வண்டிக்குக் கொஞ்சம் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் அடைப்பது. புதுக் காரைப் பற்றி இங்கே பேசவில்லை, அது வேறு கணக்கு. நான் தவணைக் காரும் வைத்திருந்தேன். இப்போது சில வருடங்களாக டப்பா கார்தான் ஓட்டுகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டப்பா கார். ஆனால் எல்லா டப்பாவும் அல்ல, எல்லாருக்கும் அல்ல.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். வயது குறைந்த வண்டி சத்தமில்லாமல் ஓடும், ஏசி குளிரும், எரிபொருளும் சற்றுக் குறைவாகக் குடிக்கும். பழையதில் கீறல் விழுந்தால் தூக்கம் கெடாது. காரின் விலை முதல் சில வருடங்களில்தான் சரசரவென்று இறங்கும். பதினைந்து வயதுக்கு மேல் இறங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தவணைக் காரில் வட்டி ஒரு பக்கம், மதிப்புக் குறைவது ஒரு பக்கம். டப்பா காரில் இரண்டும் ஏறக்குறைய இல்லை. காப்பீடும் அப்படித்தான். கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முழுக் காப்பீடு கேட்பார்கள். பழைய வண்டிக்குச் சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் காப்பீட்டோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. நம் தவறால் ஏதாவது மோதினால், நம் வண்டிக்கான செலவு முழுக்க நம் தலையில்தான்.

இதுவரை பார்த்தால் டப்பா கார்தான் என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இனிமேல்தான் வருகிறது. சுமைகூலி என்பது இங்கே பராமரிப்பு. மற்ற எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு இதை மட்டும் நீட்டி எழுதுவதற்குக் காரணம், முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

காரின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரிபாகத்தின் விலை அப்படி இறங்காது. மெக்கானிக்கின் கூலியும் இறங்காது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்கள் வாங்கிய சொகுசுக் கார், பதினெட்டு வயதில் ஒரு சாதாரணச் சின்னக் காரின் விலைக்கு வந்து நிற்கும். தோல் இருக்கை, பெரிய எஞ்சின், காற்றில் மிதக்கும் சஸ்பென்ஷன். ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் அந்த ஏர் சஸ்பென்ஷனில் ஒரு பை கிழிந்தால், மாற்றும் செலவு அந்தப் பழைய பணக்காரரின் வசதிக்குத் தகுந்த மாதிரியே இன்றும் இருக்கும். அந்த ஒரு பில்லுக்குப் பழைய சின்னக் கார் ஒன்றே வந்துவிடும். மலிவு விலைக்கு வரும் சொகுசுக் காரைப்போலச் செலவு வைக்கும் கார் வேறில்லை.

அதனால் டப்பா கார் தேடுகிறவர் இன்றைய விலையைப் பார்ப்பதைவிட, இது புதிதாக இருந்தபோது என்ன விலை, எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். புதிதிலேயே மலிவாக இருந்து, தெருவுக்கு நாலு என்று ஓடிய மாடலாக இருந்தால் பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். கம்பெனிப் பாகம் இல்லாவிட்டால் வெளித் தயாரிப்பு, அதுவும் இல்லாவிட்டால் உடைத்து விற்கும் இடத்தில் பழைய பாகம் என்று மூன்று வழி உண்டு. டொயோட்டா கரோலாவைச் சொல்லலாம். 1966-ல் தொடங்கி 2021-க்குள் 5 கோடிக்கு மேல் விற்ற பெயர் அது. அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை; நல்ல பெயர் இருக்கிறது என்பதற்காகவே பழைய கரோலாவுக்குக் கூடுதல் விலை கேட்கும் இடங்களும் உண்டு. அவரவர் ஊரில் அதிகம் ஓடுகிற மாடல் எதுவோ அதுதான் கரோலா. பக்கத்து மெக்கானிக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது நிலுவை. பழைய கார் மலிவாக வருவதற்கு வயது மட்டும் காரணமல்ல. அதை வைத்திருந்தவர் கடைசிக் காலத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் தள்ளிப்போட்டிருப்பார். விற்கப் போகிற வண்டிக்கு யார் செலவழிப்பார்கள்? அந்தப் பாக்கி வாங்குபவரின் கணக்கில் ஏறும். எஞ்சின் ஆயில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுக்க இழுக்க அதன் கொதிநிலை குறையும், நீண்ட இறக்கத்தில் பிரேக் காலை வாரும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. பத்து வயதான டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

நிலுவையில் ஆபத்தானது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை. சில எஞ்சின்களில் செயின் இருக்கும், பலவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, வருடக் கெடுவும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய பழைய வண்டியில் கிலோமீட்டரைக் காட்டி, இன்னும் நேரம் வரவில்லை என்பார்கள். வருடக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், எஞ்சினே போச்சு. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே டப்பா காரின் உண்மையான விலை, விற்பவர் சொல்வதோடு இந்த முதல் சுற்றுச் செலவும் சேர்ந்தது. நான் வைத்திருக்கும் கணக்கு, வாங்கும் விலைக்கு நிகரான தொகை கையில் தனியாக இருக்க வேண்டும் என்பது. இருக்கும் காசு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, பராமரிப்புக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் தவணைக் காரே மேல். குறைந்தபட்சம் அந்தக் கடனுக்கு நல்ல வண்டியாவது கிடைக்கும். முதல் சுற்றில் நான் பிரேக், டயர், ஸ்டியரிங் பாகங்களை முதலில் பார்த்தேன். அப்புறம் எஞ்சினைக் கொல்லக்கூடிய பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ்கள். பின் கதவின் பவர் விண்டோ இன்றுவரை வேலை செய்யவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

இங்கே பலர் சொல்லும் ஒரு விதியோடு எனக்கு உடன்பாடில்லை. ரிப்பேர் செலவு காரின் மதிப்பைத் தாண்டினால் காரைத் தள்ளிவிடு என்பார்கள். காரின் மதிப்பே சொற்பம் எனும்போது எந்த ரிப்பேரும் அதைத் தொட்டுவிடும். கிளட்ச் போய்விட்டது, மாற்றக் காரின் விலையில் பாதி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தள்ளிவிட்டு அதே விலையில் இன்னொரு டப்பா வாங்கினால், அதன் கிளட்ச் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நம் வண்டியில் பெல்ட் புதிது, பிரேக் புதிது, டயர் புதிது. அந்த இன்னொரு டப்பாவில் நிலுவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேட்க வேண்டியது, இந்தச் செலவுக்குப் பிறகு வண்டி இன்னும் ஒரு வருடமாவது ஓடுமா, அந்த ஒரு வருடத் தவணையைவிட இது குறைவா என்பதைத்தான். பெரும்பாலான பில்கள் இந்தச் சோதனையில் தேறிவிடும். தேறாதவை என்று நான் வைத்திருப்பது மூன்று: எஞ்சின் பிரிப்பது, கியர்பாக்ஸ் போவது, சட்டகத்தில் துரு.

துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதவு ஓரத்தில், பானட் முனையில் தெரியும் துரு அசிங்கம்தான், ஆபத்தில்லை. வண்டியின் அடியில், சஸ்பென்ஷன் போல்ட் ஏறும் இடத்தில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியில் துரு தின்றிருந்தால் அது வேறு. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டியை வாங்காதீர்கள். கெட்டுப்போன எந்தப் பாகத்தையும் கழற்றி மாற்றலாம், உடம்பைக் கழற்ற முடியாது. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த அடிப்பாகத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை வரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனித்த வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது, எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் குளிர் இடங்களில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளிலும் லேசாகப் படியும். கூலன்ட் அளவையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு சின்ன ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. காலையில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மதியம் வண்டியைக் காட்டலாம். குறியீட்டை அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகளும் அழிந்து, கொஞ்ச தூரம் பலவிதமாக ஓடிய பிறகுதான் மறுபடி நிறைவடையும். பல சோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் கேளுங்கள். மேனுவல் வண்டியில் கிளட்சைப் பார்க்க, மெதுவாக ஓடும்போது பெரிய கியரில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

நான் ஓட்டுவது மேனுவல், பெட்ரோல். பழைய ஆட்டோமேட்டிக்கில் என் அனுபவம் மெலிது. கியர் போட்டதும் தாமதமாகப் பிடித்தாலோ, ஆயிலில் கருகிய வாடை வந்தாலோ ஒதுங்கிவிடுவேன் என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பழைய டீசலையும் நான் தொட்டதில்லை. டர்போ, இன்ஜெக்டர், புகை வடிகட்டி என்று விலையுயர்ந்த பாகங்கள் அதில் அதிகம். ஊருக்குள் குறுகிய தூரமே ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

சரி, தவணைக் கார் எங்கே ஜெயிக்கிறது? இரண்டு இடங்களில், அதுவும் தெளிவாக. முதலாவது, வண்டி நின்றுபோனால் உங்கள் வேலையும் நிற்கும் என்றால். டப்பா கார் அடிக்கடி நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கும்போது சொல்லிவிட்டு நிற்காது, பாகம் வரச் சில நாள் ஒர்க் ஷாப்பிலேயே கிடக்கும். அந்த நாட்களில் பஸ்ஸோ, இருசக்கர வாகனமோ, வீட்டில் இன்னொரு வண்டியோ இருந்தால் பிரச்சினையில்லை. விடியற்காலையில் பஸ்ஸே இல்லாத தூரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு என் சிபாரிசு செல்லாது. தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, பாதுகாப்பு. வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து நேராக்கும் ஈஎஸ்சி, 1995-ல் சொகுசுக் காரில் வந்தது. மலிவான கார்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது; அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். நான் மேலே சிபாரிசு செய்த மாதிரி, புதிதிலேயே மலிவான பழைய காரில் அது இருக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். குழந்தைகளை வைத்துக்கொண்டு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் என்றால் தவணை கட்டுவதில் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றைப் பாருங்கள்: டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த ஏர்பேக். அதில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2000-களில் வந்த பல மாடல்கள் அதில் உண்டு, மாற்றாமலே கைமாறிக்கொண்டிருப்பவையும் உண்டு. சேசிஸ் எண்ணைக் கொண்டு அந்த கார் கம்பெனியிடம் கேட்டால் தெரியும். அழைப்பில் இருக்கும் வண்டிக்கு இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள்.

கடைசியாகப் பேரம். நிலுவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டயர் பழையது, பெல்ட்டுக்கு பில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் விற்பவருக்கும் மறுக்க வழியிருக்காது. குறைக்க மாட்டேன் என்றால் விட்டுவிட்டு வந்துவிடலாம். வண்டியின் பேரில் பழைய கடனோ அபராதமோ இருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்தை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். விலை சொற்பம்தானே என்று காகிதத்தில் அலட்சியம் காட்டுவது இந்த மாதிரி வண்டிகளில்தான் அதிகம் நடக்கிறது.