ஸ்விட்ச், டிஸ்ஸால்வ், டிஸேபிள்: எந்த வேலைக்கு எது?

பல படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் கம்பாசிட்டர்கள், நோடுகளை (ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் பெட்டி) கிளைகளாகக் கோர்த்து வேலை செய்கிறார்கள். ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டும் என்றதும் அவர்களின் கை தானாக ஸ்விட்ச் நோடுக்குப் போகும். டிஸ்ஸால்வ் நோடும் அதைச் செய்யும்; ஒரு நோடை டிஸேபிள் செய்தாலும், அதாவது அணைத்துவைத்தாலும், பல நேரம் போதும். வியூவரில் மூன்றும் ஒரே படத்தைக் காட்டிவிடலாம். வேறுபாடு ரெண்டரில், அதாவது இறுதிப் படங்களைக் கணக்கிட்டு எழுதும்போதுதான், தெரியவரும். நூக் (Nuke) என்ற கம்பாசிட்டிங் மென்பொருளை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஸ்விட்சில், எந்த இன்புட் என்று சொல்லும் ‘விச்’ மதிப்பு 0 என்றால் முதல் இன்புட், 1 என்றால் அடுத்தது. தேர்ந்த கிளை மட்டுமே கணக்கிடப்படும். மற்றது எவ்வளவு கனமானாலும் ரெண்டர் நேரத்தைத் தின்னாது. டிஸ்ஸால்விலும் அதே எண் வரிசைதான். ஆனால் அங்கே 0.5 என்பதற்குப் பொருள் உண்டு: முதல் இரண்டு இன்புட்டும் பாதிக்குப் பாதி கலக்கும். கலக்கிற ஃபிரேம்களில் இரண்டு கிளைகளும் ஓடியாக வேண்டும்.

கீஃபிரேம் வைக்கும்போதுதான், அதாவது இந்த ஃபிரேமில் இந்த மதிப்பு என்று பதிக்கும்போதுதான், பெரும்பாலான தவறுகள் நுழைகின்றன. 1001-இல் 0, 1040-இல் 1 என்று ஸ்விட்சில் இரண்டு கீ வைத்தால், அவற்றுக்கிடையே மதிப்பு மாறும் வளைவு இயல்பாகவே மென்மையாக ஏறும். வெட்டு நீங்கள் நினைத்த ஃபிரேமில் விழாமல் போகலாம். 0-இலிருந்து 2-க்குப் போனாலோ, நடுவில் யாரும் கேட்காத 1-ஆம் இன்புட் சில ஃபிரேம்களுக்கு எட்டிப் பார்க்கும். கர்வ் எடிட்டரில் கீகளைத் தேர்ந்து ‘கே’ விசையை அழுத்திக் கான்ஸ்டன்ட் ஆக்கினால் சரியாகும். அதைவிட உறுதியானது எக்ஸ்பிரஷன், அதாவது மதிப்புக்குப் பதிலாக எழுதும் சூத்திரம். ஃபிரேம் >= 1040 என்ற ஒப்பீடு பொய்யென்றால் 0, மெய்யென்றால் 1 தரும். மூன்று கிளைகளுக்கு (ஃபிரேம் >= 1020) + (ஃபிரேம் >= 1050) என்று கூட்டினால் 0, 1, 2 வரிசையாக வரும்; வளைவே இல்லாததால் வழுக்கவும் இடமில்லை. டிஸ்ஸால்வில் 1039, 1040 என அடுத்தடுத்த கீ வைத்து வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே (ஸ்விட்சுக்கு அடுத்து வரும் நோடுகளில்) பல நேரங்களின் படங்களைக் கலக்கும் டைம்பிளர் இருந்தால் அது 1039.5-ஐயும் கேட்கும், வெட்டில் இரண்டு படங்களும் மங்கலாக ஒன்றின்மேல் ஒன்று படியும்.

கீழே ஒரே ஃபிரேமைப் பிடித்து நிறுத்தும் ஃபிரேம்ஹோல்டு இருந்தால் நிலைமை வேறு. அது எந்த ஃபிரேமைப் பிடித்திருக்கிறதோ அதை வைத்தே மேலே உள்ள எக்ஸ்பிரஷனும் கணக்கிடப்படும், ஸ்விட்ச் ஒரே கிளையில் உறைந்துவிடும். வேகத்தை மாற்றும் ரீடைம் இருந்தால் வெட்டு இடம் மாறும். நேரத்தை மாற்றும் நோடுகளை ஸ்விட்சுக்கு மேலே, அந்தந்தக் கிளைக்குள் வையுங்கள்.

கிளைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம். ஸ்விட்ச் எதையும் சமன் செய்யாது. தேர்ந்த கிளையின் ஃபார்மட் (பட அளவு), சேனல்கள், பவுண்டிங் பாக்ஸ் (படத்தரவு உள்ள பகுதியின் எல்லை) எல்லாவற்றையும் அப்படியே கீழே தள்ளும். ஒரு கிளை 1920×1080, இன்னொன்று 2048×1152 என்றால் வெட்டு விழும் ஃபிரேமில் படத்தின் அளவே மாறும். முதல் கிளையில் தூரத்தைச் சொல்லும் டெப்த் சேனல் இருந்து இரண்டாவதில் இல்லாவிட்டால், அதை வைத்து மங்கலாக்கும் இசட்-டிஃபோகஸ் கீழே சரியாக வேலை செய்யாது. ஒவ்வொரு கிளையின் முடிவிலும் அளவை மாற்றும் ரீஃபார்மட் நோடு ஒன்றைப் போட்டு, பிரீமல்ட் நிலையும் (நிறம் ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டதா என்பது) ஒன்றுதானா என்று பார்த்த பிறகே ஸ்விட்சில் இணையுங்கள்.

டிஸேபிள் ஒற்றை நோடுக்கு ஏற்றது. ‘டி’ விசை போதும். தனி நோடு தேவையில்லை, கோடுகளும் பெருகா. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் மெர்ஜை டிஸேபிள் செய்தால் அடியில் உள்ள ‘பி’ இன்புட் மட்டும் கீழே போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்தாறு நோடுகளைச் சேர்த்து அணைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் எக்ஸ்பிரஷன் எழுத வேண்டிவரும். அப்போது ஸ்விட்சே சுத்தம்.

கனமான கிளையை வேலை நேரத்தில் ஒதுக்கி, ரெண்டரில் மட்டும் ஓட்ட, ‘விச்’ மதிப்பில் எழுதும் ‘$ஜியுஐ’ ($gui) எக்ஸ்பிரஷன் உதவும். நூக் திரையோடு திறந்திருக்கும்போது அது 1, திரையில்லா ரெண்டரில் 0. கனமானதை 0-ஆம் இன்புட்டிலும் இலேசானதை 1-ஆம் இன்புட்டிலும் கொடுங்கள். திறந்திருக்கும் அதே நூக்கிலிருந்து ரெண்டர் எடுத்தால் மதிப்பு 1-ஆகவே இருக்கும். இலேசான படம்தான் டிஸ்க்கில் எழுதப்படும். இந்தத் தவறு எச்சரிக்கையே இல்லாமல் நடக்கும் என்பதால், இப்படிப்பட்ட ஸ்விட்சுக்குக் கண்ணில் படும் நிறமும் பெயரும் கொடுத்துவிடுங்கள்.

வேறு மென்பொருள்களிலும் இதைச் செய்யலாம். பிளெண்டரின் ஸ்விட்ச் இரண்டு இன்புட் மட்டுமே ஏற்கும். மூன்று வேண்டுமென்றால் இரண்டு ஸ்விட்சுகளைச் சங்கிலியாகக் கோர்க்கலாம். அது ஆம்-இல்லை தேர்வு என்பதால் கீஃபிரேம் வைத்தாலும் இடைநிலை வராது. ஃபியூஷனில் டிஸ்ஸால்வை வைத்தே வெட்டலாம்: கலவை ஸ்லைடரில் iif என்ற நிபந்தனை எக்ஸ்பிரஷன் எழுதி, நேரம் 40 அல்லது அதற்கு மேல் என்றால் 1, இல்லையேல் 0 என்று கொடுத்தால் வளைவுச் சிக்கல் அங்கேயும் தீரும்.

ஒரே தேர்வைப் பல ஸ்விட்சுகள் பின்பற்ற வேண்டுமானால், நூக்கில் படத்தை மாற்றாத ஒரு நோஆப் நோடில் புல்டவுன் தேர்வு (கீழ்விரியும் பட்டியல்) ஒன்றைச் சேர்த்து எல்லா ‘விச்’ மதிப்புகளையும் அதோடு இணைக்கலாம். புல்டவுன் தருவது பெயரை அல்ல, வரிசை எண்ணை. ஆகவே புதிய வகையை எப்போதும் பட்டியலின் கடைசியில் சேருங்கள். நடுவில் செருகினால் அதற்குக் கீழுள்ள பெயர்களெல்லாம் வேறு கிளையைக் காட்டத் தொடங்கும்.