சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஓடிபி சொல்லாதீர்கள்

திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஏழு தையல் மெஷின், பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்போம். 2020 லாக்டவுனில் ஆர்டர் நின்றுபோனது. வேலை செய்த பெண்களுக்குக் கொஞ்சமாவது கொடுக்க வேண்டுமென்று கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். 46,000 ரூபாய். மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் சில மாதம் கட்டினேன், பிறகு அதுவும் முடியவில்லை. மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம் என்று 2021 ஆகஸ்டில் 71,000 ஆகியிருந்தது. வசூலுக்கு வந்த தம்பி, "38,000 கட்டிடுங்கக்கா, முடிச்சுக்கலாம்" என்றான். நகையை வைத்துக் கட்டினேன். முடிந்தது என்றே நினைத்தேன்.

முடியவில்லை என்று 2024 மே மாதம் வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. சிபில் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று வங்கிகளுக்குக் காட்டும் எண், 612. அந்தக் கார்டு கணக்குக்கு நேரே "செட்டில்டு" என்று இருந்தது. குளோஸ்டு என்றால் முழுப் பாக்கியும் கட்டியாகிவிட்டது. செட்டில்டு என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. அடுத்த வங்கிக்காரர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சொல்தான். பணம் வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த மனக்கஷ்டத்தில் இருந்தபோதுதான் "45 நாளில் 750+" என்ற விளம்பரம் போனில் வந்தது. கோயம்புத்தூரில் மாடியில் ஒரு அலுவலகம். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் முன்னால் நாலு பிள்ளைகள். 18,000 ரூபாய் ஃபீஸ், பாதி முன்பணம். ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க்கா, வர்ற ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றான் ஃபைலைப் பார்த்த பையன். சொன்னேன். ஒருமுறை இல்லை, அந்த ஒரு மாதத்தில் எட்டு ஒன்பது முறை.

இன்னொரு யோசனையும் சொன்னான். என்னிடம் அப்போது உபயோகத்தில் இரண்டு கார்டு இருந்தன. 2014-ல் வாங்கியது ஒன்று, லிமிட் 60,000. இன்னொன்று 40,000. "ரெண்டு கார்டு இருந்தா கடன்காரங்கன்னு காட்டும், பழசைக் குளோஸ் பண்ணிடுங்க" என்றான். செய்தேன். இதை விவரமாகவே சொல்கிறேன், நிறையப் பேர் இதே தப்பைச் செய்கிறார்கள். நூல், பட்டன், லேபிள் என்று மாதம் 28,000 வரை கார்டில் போகும். இரண்டு கார்டும் இருந்தபோது ஒரு லட்சம் லிமிட்டில் 28 சதவீதம். பழையதை மூடியதும் அதே 28,000, நாற்பதாயிரத்தில் 70 சதவீதம் ஆகிவிட்டது. செலவு ஒரு ரூபாய் கூடவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் நான் மூச்சுமுட்டக் கடன் வாங்கியிருப்பவளாகத் தெரிந்தேன். முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிவந்த கார்டை என் கையாலேயே மூடியது இன்றும் வலிக்கிறது.

ஜூலை கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. ஸ்கோர் 748. மீதி 9,000-ஐ அன்றே அனுப்பினேன். சாமிக்கு விளக்கேற்றிவிட்டு மறுநாள் வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் அவர் சிஸ்டத்தில் எடுத்துப் பார்த்தார். 589. நான் நம்பவில்லை, என் தாளைக் காட்டினேன். மே மாதம் எடுத்த பழைய ரிப்போர்ட்டும் பையில் இருந்தது. அவர் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இருந்த எண்ணில் பேனாவை வைத்தார். "கன்ட்ரோல் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணேதான் மேடம். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புது நம்பர் வரும்." அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது: 748-ல் இருந்த எழுத்து, அதே பக்கத்தின் மற்ற எண்களைவிடத் தடித்திருந்தது. பழைய பிடிஎஃப்பில் தேதியையும் ஸ்கோரையும் மட்டும் அழித்து எழுதியிருக்கிறார்கள்.

612 ஏன் 589 ஆனது? என்கொயரி பகுதியில், அதாவது நம் பெயரில் யாரிடமெல்லாம் கடன் கேட்கப்பட்டது என்று காட்டும் இடத்தில், மூன்று புது வரிகள். இரண்டு லோன் ஆப், ஒரு கார்டு, எல்லாம் ஒரே மாதத்தில், என் பெயரில். நான் சொன்ன ஓடிபிகளில் சில அதற்குத்தான் போயிருக்கின்றன. சிபில் கணக்கிலும் என் மின்னஞ்சலுக்குப் பதில் அவர்கள் மின்னஞ்சல்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். நான் தாமதமாகக் கூப்பிட்டதால் நிறுத்திவைக்க எதுவும் மிஞ்சவில்லை. ஏமாந்தவர்கள் அன்றைக்கே கூப்பிடுங்கள், அந்த எண்ணின் பலனே முதல் சில மணி நேரத்தில்தான்.

பிறகு நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைப் பதிந்துவைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். கடன் கொடுத்த வங்கி அனுப்புவதைத்தான் அவர்கள் பதிகிறார்கள். தப்பான பதிவு என்றால் நாமே அவர்கள் தளத்தில் டிஸ்பியூட் (திருத்தக் கோரிக்கை) போடலாம், காசு கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்படியும் நடக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், விவரம் கேட்க 14448. ஆனால் பதிவு உண்மையாக இருந்தால் அதை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது. என்னுடையது உண்மையான பதிவு.

அதனால் கார்டு கொடுத்த வங்கிக்கே எழுதினேன். 2021-ல் விட்டுக்கொடுத்த 33,000-ஐக் கட்டிவிடுகிறேன், என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) கொடுத்து குளோஸ்டு என்று மாற்றுங்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். மூன்று தவணையாகக் கட்டினேன். கட்டும் முன்பே சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பழைய தாமத மாதங்கள் ரிப்போர்ட்டில் அப்படியேதான் நிற்கின்றன, ஆனால் செட்டில்டு என்ற சொல் போய்விட்டது. அந்தப் பையனிடம் கொடுத்த 18,000 கையில் இருந்திருந்தால் இதில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும்.

20,000 ரூபாய் எஃப்டி போட்டு அதன்மேல் ஒரு கார்டு வாங்கியிருக்கிறேன். அதில் மாதம் பால், மளிகை மட்டும். முழுப் பில்லும் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். நூல், பட்டனுக்கு இப்போது யுபிஐ. போன வாரம் பார்த்தபோது ஸ்கோர் 694. வீட்டுக் கடனுக்கு இன்னும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர்.

இப்படி எங்காவது ஏற்கெனவே ஓடிபி சொல்லியிருந்தால் இன்றைக்கே உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்து, என்கொயரி பகுதியைத் தேதி பார்த்துப் படியுங்கள். பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.