பட்டு எடுக்கும்போது யாரை நம்புவது: நிலைக்கண்ணாடியா, போன் கேமராவா?

நெல்லை டவுன் ரத வீதியிலோ வண்ணாரப்பேட்டையிலோ முகூர்த்தப் பட்டை மேலே போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால் அம்சமாக இருக்கும். அங்கேயே செல்ஃபி எடுத்தால் முகமும் விடியாது, சேலையும் விடியாது. சேலையைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

செல்ஃபியில் போன் மூக்குக்கு 30 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். காது அதற்கு 12 செ.மீ. பின்னால். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4, அதாவது காதைவிட மூக்கு 40 சதவீதம் பெருத்து விழும். கண்ணாடிக்கு 50 செ.மீ. முன்னால் நின்றால் பிம்பம் அதே அளவு உள்ளே தள்ளி நிற்கும்; கண்ணுக்குத் தூரம் 100 செ.மீ., பெருக்கம் 12 சதவீதம்தான். பின் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து 1.5 மீட்டரில் எடுத்தால் 8. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாம் தூரம் செய்கிற வேலை.

அடுத்தது வகிடும் மூக்குத்தியும்: கண்ணாடியில் ஒரு பக்கம், போட்டோவில் எதிர்ப்பக்கம் தெரியும். கண்ணாடி இடம் வலம் மாற்றுவதில்லை, முன் பின்னைத்தான் புரட்டுகிறது. நாம் பழகியது அந்தக் கண்ணாடி முகத்துக்கு. 1977-இல் வந்த ஓர் ஆய்வில் பெரும்பாலோருக்குத் தங்கள் கண்ணாடி முகமே பிடித்திருந்தது, நண்பர்களுக்கோ மற்றவர்கள் எதிரே பார்க்கிற நேர் முகம். பல போன்களில் திரையில் தெரிவது கண்ணாடி முகம், சேமிப்பது நேர் முகம். பந்தலில் உட்காரப் போகிறவருக்கு நேர் முகம்தான் கணக்கு.

சரிகையில் கேமரா தோற்கும். இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு மினுக்கம் சேர்வதால்தான் சரிகை உயிரோடு தெரிகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அரக்குச் சேலை ஃபிரேமை அடைத்தால் நிறத்தையும் அது தானாகவே திருத்திவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டி தெரிகிற மாதிரி எடுங்கள். கடை விளக்கு நிறத்தைக் கெடுத்தால் கண்ணாடியும் உதவாது, வாசல் வெளிச்சத்துக்கு வர வேண்டியதுதான்.

வீட்டு பீரோ கண்ணாடியை மட்டும் சோதிக்காமல் நம்பாதீர்கள். மெல்லிய கண்ணாடியின் மேலும் கீழும் திருகை இறுக்கினால் நடுவில் புடைக்கும். ஆள் குள்ளமாகி, குண்டாகத் தெரிவார். எதிரே உள்ள கதவு நிலையின் பிம்பத்தைத் தலையை அசைத்தபடி பாருங்கள். கோடு நெளிந்தால் திருகைத் தளர்த்துங்கள். முழு உருவமும் தெரிய ஆள் உயரக் கண்ணாடி வேண்டாம், பாதி போதும்: 160 செ.மீ. உயரமும் 150-இல் கண்ணும் இருந்தால், தரையிலிருந்து 75 முதல் 155 செ.மீ. வரை. கண்ணாடியின் கீழ் விளிம்பு 75-க்கு மேலே இருந்தால் எத்தனை அடி பின்னால் போய் நின்றாலும் கொசுவத்தின் அடி தெரியாது.