புதுப் பிளகினா, பழைய சிந்தா, ஓய்வா? சொந்தமாக எலக்ட்ரானிக் இசை செய்பவர்களுக்கு ஓர் அலசல்

சொந்தமாக எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள் "மூடே வரலை" என்று சொல்லும்போது, இரண்டு வெவ்வேறு தொல்லைகளுக்கு ஒரே பெயரை வைத்துவிடுகிறார்கள். ஒன்று, லேப்டாப்பைத் திறந்து ப்ராஜெக்டைத் தொடவே மனம் வராதது. மற்றது, ஆர்வமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் கழித்து, ஓடிக்கொண்டிருப்பது அருமையா குப்பையா என்று சொல்லத் தெரியாமல் போவது. முதலாவதில் மனம் சோர்ந்திருக்கிறது. இரண்டாவதில் காது மரத்துப்போயிருக்கிறது. ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், ஆளாளுக்கு அள்ளிவிடும் அறிவுரைகளில் பாதி ஒன்றைக் குணப்படுத்தி மற்றதை முற்றவிடுபவை. தினமும் உட்கார் என்பது சோர்ந்த மனதுக்கு மருந்து, மரத்த காதுக்கு விஷம். ஓய்வெடு என்பது அப்படியே தலைகீழ்.

காது மரத்துப்போவது இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. 120 பிபிஎம் வேகத்தில் (நிமிடத்துக்கு 120 தாள அடி) எட்டு பார் லூப், அதாவது நான்கு அடி கொண்ட எட்டு அளவுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டு, ஒரு சுற்று ஓட 16 நொடி ஆகும். நிறுத்தாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் அதையே 225 தடவை கேட்டிருப்போம். வயலின் பழகுபவரும் ஒரே வரியைப் பல தடவை வாசிப்பார்தான்; ஆனால் ஒவ்வொரு தடவையும் வில் கொஞ்சம் வேறு மாதிரி விழும். நம்முடைய கிக் டிரம் 225 தடவையும் இம்மி பிசகாமல் அதே கிக். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லப்படும் வழிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

தினமும் உட்காருவதா, தோன்றும்போது மட்டுமா?

தினப் பழக்கத்தின் பலம், தொடங்குவதற்கான தயக்கத்தை உடைப்பது. அதற்கு நல்ல டெம்ப்ளேட் ஒன்று போதும்: டிரம் ராக், ஒரு பேஸ், இரண்டு சிந்த் (சிந்தசைசர்), சைட்செயின் (கிக் விழும்போது மற்ற ஒலிகளைத் தணிக்கும் இணைப்பு) எல்லாம் இணைத்துத் தயாராக வைத்த ப்ராஜெக்ட். திறந்த மறுநிமிடம் சத்தம் வர வேண்டும். ரூட்டிங் செய்தே அரை மணி நேரம் போனால் அன்றைக்கு இருந்த கொஞ்ச ஆர்வமும் போய்விடும்.

பலவீனம் சில மாதங்கள் கழித்துத் தெரியும். கை தானாக அதே மைனர் ஸ்கேலுக்குப் போகும், அதே டெம்போவில் நிற்கும், கிளாப்பை அதே இடத்தில் வைக்கும். நாம் தயார் செய்த டெம்ப்ளேட்டே நமக்கு முன்னால் முடிவெடுக்க ஆரம்பித்துவிடும்.

தோன்றும்போது மட்டும் செய்பவர்களுக்கு இந்தத் தேய்மானம் குறைவு. ஆனால் தோன்றுகிற நேரத்தில் கருவி கையில் இருக்க வேண்டும். இந்த ரகத்தினருக்கு மென்பொருள்கள் இப்போது நன்றாகவே உதவுகின்றன. 2018-இல் வந்த ஏபிள்டன் லைவ் 10 இசை மென்பொருளில் ஒரு கேப்சர் வசதி உண்டு: ரெக்கார்ட் பட்டனை அழுத்தாமல் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததையும் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். ஃபோனில் முனகிப் பதிவு செய்வதும் இதே வேலையைச் செய்யும். சிக்கல் என்னவென்றால், வாழ்க்கையில் வேறு வேலைகள் உள்ளவர்களுக்குத் தோன்றுகிற நேரமும் கிடைக்கிற நேரமும் ஒத்துப்போவது அபூர்வம்.

புதிதாக வந்தவர்களுக்குத் தினப் பழக்கம்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில வருடங்கள் ஓட்டியவர்கள் தினமும் உட்காரட்டும், ஆனால் தினமும் இசையமைக்க வேண்டாம். ஒரு நாள் சவுண்ட் டிசைன் மட்டும். பாட்டு பற்றிய நினைப்பே கூடாது. இன்னொரு நாள் சாம்பிள்களை (பதிவு செய்த ஒலித்துண்டுகளை) கேட்டு வகைபிரிப்பது. வேறொரு நாள் அரேஞ்ச்மென்ட், அதாவது துண்டுகளை முழுப் பாட்டாக அடுக்குவது. ஸ்னேர் டிரம் ஒலியைத் தேடிக்கொண்டே மெலடி எழுதுபவர்கள் இரண்டிலும் பாதிதான் செய்கிறார்கள். தேடலும் எழுத்தும் வேறு வேறு நாளில் இருந்தால் எழுதும் நாளில் கை தடையில்லாமல் ஓடும்.

புதுக் கருவி வாங்குவதா, இருப்பதைக் குறைப்பதா?

சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். புதுக் கருவி வாங்கினால் ஊக்கம் வரும் என்பதை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். புது சிந்த் நிஜமாகவே புது யோசனை தரும், காரணம் நம் கைக்கு அது பழகியிருக்காது. எந்த நாப் (திருகு) என்ன செய்யும் என்று தெரியாத அந்தக் கொஞ்ச நாள், பழக்கத்திலிருந்து விடுதலை. ஆனால் கை பழகியதும் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்களிடம் பிளகின்கள் (இசை மென்பொருளில் சேர்க்கும் கருவிகள்) நிறைய இருக்கும், முடிந்த டிராக்குகள் சொற்பம்.

வரலாறு இதில் சுவாரசியமாக இருக்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டிபி-303, பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வாசிக்க வந்த சின்னப் பெட்டி. அந்த வேலைக்கு அது எடுபடவில்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியின் ஃபில்டர் நாப்களைச் சிகாகோ இளைஞர்கள் கண்டபடி திருப்பியதில்தான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை வந்தது. ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியானது 1987-இல். அதற்கும் ஐந்து வருடம் முன்பு, 1982-இல், மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே டிபி-303-ஐ டிஆர்-808 டிரம் மெஷினோடும் ஜூப்பிடர்-8 சிந்தோடும் இணைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பமே செய்துவிட்டார். பெட்டி ஒன்றுதான். இரண்டு இடங்களிலும் புதுமை வந்தது அதை யாரும் எதிர்பாராத வேலைக்குப் பிடித்துப் போட்டதில்.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் 1987-இல் வந்த இமு எஸ்பி-1200 சாம்ப்ளர், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி. அதன் மொத்த சாம்பிள் நேரமே பத்து நொடி சொச்சம். இடத்தை மிச்சம் பிடிக்க, 33 ஆர்பிஎம் இசைத்தட்டை 45-இல் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, உள்ளே பிட்சை (சுருதியை) இறக்கிக்கொண்டார்கள். அந்த 12-பிட் மெஷினில் பிட்சை இறக்கும்போது வந்த கரகரப்பே பிறகு எல்லாரும் தேடிப்போன ஒலியாகிவிட்டது. இன்று அதைப் போலி செய்யப் பிளகின் விற்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

ஆக, குறைப்பதே சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. எஸ்பி-1200 வைத்திருந்தவர்களுக்குப் பதினோராவது நொடிக்கும் பன்னிரண்டாவது நொடிக்கும் வழியே இல்லை. நமக்கோ நாமே போட்ட கட்டுப்பாடு, ஒரு கிளிக்கில் உடையும். "இன்றைக்கு ஒரே சிந்த்" என்று சபதம் போட்டு, இருபதாவது நிமிடத்தில் இன்னொன்றைத் திறக்காதவர் யார்? அதனால் மனக்கட்டுப்பாட்டை நம்பாமல், திரும்ப முடியாதபடி செய்துவிடும் வழிகளைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஏதாவது ஒரு சிந்தை இனிட் நிலைக்கு, அதாவது எந்த அலங்காரமும் இல்லாத தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு சா அலை (ரம்பப்பல் வடிவ அலை), உயர் ஒலிகளை வெட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், வெட்டும் இடத்தைக் கூர்மையாக்கும் ரெசனன்ஸ் கொஞ்சம் தூக்கலாக. ஒரே நோட்டை விடாமல் ஒலிக்கவிட்டு, ஃபில்டர் எங்கே வெட்டும் என்பதை மாற்றும் கட்-ஆஃப் நாபை ஒரு நிமிடம் கையாலேயே திருப்பிப் பதிவு செய்யுங்கள். மவுஸால் கோடு வரைய வேண்டாம், கையின் தடுமாற்றம்தான் நமக்கு வேண்டியது. அதை ஆடியோவாக மாற்றிவிட்டு மிடியை (திருத்தக்கூடிய நோட்டுத் தகவலை) அழித்துவிடுங்கள். இனி அந்தக் கோப்புதான் உங்கள் மொத்தச் சொத்து. இரண்டு ஆக்டேவ் இறக்கினால் டிரோன், அதாவது தம்பூரா போல நீளும் ஒலி. ஃபில்டர் கீச்சிட்ட அரை நொடியை வெட்டி எடுத்து, கீழ்ப்பகுதியை ஈக்யூவில் நீக்கினால் ஹை-ஹாட். திருப்பிப் போட்டால் டிராப்புக்கு (முழுத் தாளமும் வந்து விழும் இடத்துக்கு) முன் வரும் எழுச்சி. பேஸும் அதிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் பிறந்த ஒலிகள் என்பதால் அவற்றுக்கு ஒரு குடும்பச் சாயலும் இருக்கும்.

வன்பொருள் பிடித்தவர்களுக்கு குரூவ்பாக்ஸ் (தாளமும் லூப்பும் செய்யும் தனிப் பெட்டி) இந்தக் கட்டுப்பாட்டையே இரும்பில் செய்துதரும். 2017-இல் வந்த எலெக்ட்ரானின் முதல் டிஜிடாக்டில் ஆடியோ டிராக் எட்டுதான். ஒன்பதாவது வேண்டுமானால் ஏதாவது ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும். தவிர அதில் மெயில் வராது. விலை கட்டுப்படியானால் இது ஒரு பிளகின் மூட்டையை விட நீண்ட காலம் ஊக்கம் தரும் என்பது என் கணிப்பு. கட்டுப்படி ஆகாதவர்கள் எதையும் இழக்கவில்லை, மேலே சொன்ன சா அலைக்குச் செலவில்லை.

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் வெளியிட்ட 'ஆப்ளிக் ஸ்ட்ராட்டஜிஸ்' சீட்டுக்கட்டையும் இந்த இடத்தில் சொல்வார்கள்: மாட்டிக்கொண்டால் ஒரு சீட்டை எடு, அதில் உள்ளபடி செய். சிலருக்கு இது எரிச்சலூட்டும். அந்த எரிச்சலில் எதையாவது மாற்றுவார்கள் என்பதால், அதுவும் வேலை செய்ததாகவே கணக்கு.

கெடு வைப்பதா, ஊறப்போடுவதா?

கெடுவுக்கு நல்ல முன்மாதிரி, 2012 ஜனவரியில் மார்க் வெய்டன்பாம் தொடங்கிய டிஸ்க்வயட் ஹுன்டோ என்ற இணைய இசைக் குழு. வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு பணி கொடுக்கப்படும், திங்கள் இரவுக்குள் இசையை ஏற்ற வேண்டும். சோர்ந்த மனதுக்கு இதைவிடச் சுலபமான மருந்து எனக்குத் தெரியாது: என்ன செய்வது என்பதை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார், எப்போது நிறுத்துவது என்பதை நாள்காட்டி முடிவு செய்கிறது. ஆனால் நான்கு நாளில் பிறந்தவை பெரும்பாலும் வரைவுகளாகவே நிற்கும். கெடுவை மட்டுமே நம்பி ஓடுபவர்களுக்கு, ஒரு டிராக்கை அடுத்த படிக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் வராமலே போய்விடக்கூடும்.

ஊறப்போடுவது மரத்த காதுக்கான சிகிச்சை, இதில் அறிவியலும் துணைக்கு இருக்கிறது. பழகப் பழகப் பிடித்துப்போகும், பழக்கமே பிடித்தத்துக்குப் போதுமான காரணம் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் காட்டினார். நாம் அவசரத்துக்கு வைத்த சுமாரான ஸ்னேரை 225 தடவை கேட்ட பிறகு விட்டுக்கொடுக்க முடியாமல் போவது இதனால்தான். ஒரு வாரம் கேட்காமல் இருந்தால் அந்தப் பாசம் கொஞ்சம் தணியும்.

இன்னொன்று ஒலியளவு. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளின்படி, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச ஸ்தாயியையும் குறைவாகவே கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் எல்லாமே செழிப்பாகத் தெரியும். மூன்றாவது மணி நேரத்தில் லூப் சப்பென்று ஆனதும் கை வால்யூமுக்குப் போவது அதனால்தான். அந்தப் புத்துணர்ச்சி போலி. ஆபத்தும்கூட. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்றே ஒன்று.

அதற்காக எல்லாவற்றையும் ஊறப்போட வேண்டியதில்லை. மிக்ஸ் என்றால் கட்டாயம் ஓர் இரவாவது தள்ளிவையுங்கள். இசையமைப்பு பாதியில் இருந்தால் அதிக நாள் விடாதீர்கள். எதை நினைத்து அந்த கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) வைத்தோம் என்பது மறந்துவிட்டால், அது யாரோ ஒருவரின் ப்ராஜெக்ட் போலாகிவிடும். திரும்பக் கேட்கும்போது ப்ராஜெக்டைத் திறக்காமல், எக்ஸ்போர்ட் செய்த கோப்பை வேறு ஸ்பீக்கரில், நிறுத்தாமல் ஒரே தடவை கேட்டு, உறுத்தியதைத் தாளில் எழுதுங்கள். திரை எதிரில் இருந்தால் கண் அலைவடிவத்தைப் பார்த்து "இதோ டிராப் வரப்போகிறது" என்று காதுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

புதிது தொடங்குவதா, பழையதை முடிப்பதா?

நூறு லூப் தேங்கியிருப்பவருக்கு முடிப்பதுதான் வழி. 128 பிபிஎம்-இல் 32 பார் சரியாக ஒரு நிமிடம். இருக்கும் எட்டு பார் லூப்பை அப்படியே இருபது தடவை ஒட்டினால் ஐந்து நிமிடம் நிரம்பிவிடும். பிறகு சேர்க்காதீர்கள், அழியுங்கள்: தொடக்கத்தில் பேஸ் வேண்டாம், நடுவில் கிக்கை எடுங்கள், கடைசியில் ஹாட் மட்டும் நிற்கட்டும். வெற்று டைம்லைனில் கட்டி எழுப்புவதைவிட இது பல மடங்கு சுலபம். ஒட்டி அழித்தும் உயிர் வராத லூப்களை ஆடியோவாக எடுத்து உங்கள் சாம்பிள் ஃபோல்டரில் போட்டுவிட்டு ப்ராஜெக்டை மூடிவிடுங்கள்.

தனியாகவா, கூட்டாகவா?

இன்னொருவரோடு சேர்ந்து செய்வது மேலே சொன்ன இரண்டு தொல்லைக்கும் ஒரே நேரத்தில் மருந்தாகும் ஒரே வழி. அவர் காத்திருக்கிறார் என்பதால் தொடங்குவோம். அவர் காது 225 தடவை கேட்காத காது. விலை, நம் செல்ல மெலடியை அவர் முதல் வேலையாக மியூட் செய்வதைப் பொறுத்துக்கொள்வது. அதைத் தாங்க முடியாதவர்கள் தனியாகவே இருக்கலாம், தவறில்லை. கூட்டுக்குத் தயார் என்றால் ப்ராஜெக்ட் கோப்பை அனுப்பாமல் ஸ்டெம்களை (ஒவ்வொரு டிராக்கின் தனித்தனி ஆடியோ கோப்புகளை) அனுப்புங்கள், எல்லாமே முதல் பாரிலிருந்து தொடங்குபவையாக, டெம்போவும் கீயும் கோப்பின் பெயரிலேயே இருக்கும்படி. மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சிகளை அழுத்தும் கருவி) இருந்தால் எக்ஸ்போர்ட்டுக்கு முன் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவர் முதல் அரை மணி நேரம் உங்கள் கிக் ஏன் நசுங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.