லாக் கோப்பை அழிக்காமல் பிழை தேடுவது: பிஎன்பிஎம் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுக்குத் தேவையான, பிறர் எழுதிய குறிமுறைத் தொகுப்புகளை (பேக்கேஜ்களை) இறக்கி நிறுவித்தரும் கருவிதான் பேக்கேஜ் மேனேஜர்; என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் எல்லாம் அந்த வகை. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். எத்தனை வினாடியில் இன்ஸ்டால் முடிந்தது, என்பிஎம்மைவிட எத்தனை மடங்கு என்று வரைபடம் போட்டுவிடுகிறார்கள். வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இன்ஸ்டால் மெதுவாக நடந்தால் கீழே இறங்கிப் பசியாறிவிட்டு வந்துவிடலாம். உடைந்தால் அன்றைய பொழுதே போய்விடுகிறது. ஆகவே உடையும்போது ஒரு கருவி என்ன சொல்கிறது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறது, சொன்னது சரியா என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. பிஎன்பிஎம்மைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்திய பிறகு எழுதும் இந்தப் பகிர்வும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டி இயங்கும் சிறிய குழு எங்களுடையது. ஆலைகளின் உற்பத்தி வரிசையில் எந்த இயந்திரம் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று திரையில் காட்டும் வலைச்செயலிகளை எழுதுகிறோம். பாதிப் பேரிடம் மேக், மீதிப் பேரிடம் விண்டோஸ். பில்டு நடப்பது லினக்ஸ் சர்வரில். பேக்கேஜ் சிக்கல் வருவதற்கு இந்தக் கலவை ஒன்றே போதும்.

தொடக்கத்தில் எல்லாமே என்பிஎம்தான். 2010-ல் வந்த அந்தக் கருவியை இன்றைய அளவுகோலால் திட்டுவது நியாயமல்ல. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு இன்ஸ்டால் ஆனது என்று பதிந்துவைக்கும் லாக் கோப்பு என்பதே அதற்கு 2017-ல், ஐந்தாம் பதிப்பில்தான் தானாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான யார்ன் கொடுத்த நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. 2020-ல் வந்த ஏழாம் பதிப்பு பியர் டிபெண்டன்சிகளை, அதாவது ஒரு பேக்கேஜ் தன்னோடு கூட இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் மற்ற பேக்கேஜ்களை, தானே இன்ஸ்டால் செய்யத் தொடங்கியது. அதுவரை வெறும் எச்சரிக்கையாக ஓடி மறைந்த முரண்பாடுகள் 'இ-ரிசால்வ்' என்ற பிழையாக வந்து வழியை மறித்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் ஊரே அதற்குக் கண்டுபிடித்த பதில் பழையபடி முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் 'லெகசி பியர் டெப்ஸ்' என்ற ஒரு தெரிவு. அவசரத்துக்கு அதை என்பிஎம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பார்கள். பிறகு எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அந்த வரி மட்டும் நிரந்தர ஊழியராகிவிடும். பழைய புராஜெக்ட் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோப்பைத்தான்.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பேக்கேஜ்கள் வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை அழி, லாக் கோப்பை அழி, மறுபடி இன்ஸ்டால் செய். எந்தப் பிழைக்கும் இதே கஷாயம். பல நேரம் வேலையும் செய்கிறது, அதுதான் ஆபத்து. புராஜெக்டுக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் தொப்பிக்குறி (^) இருந்தால், அதே பெரும்பதிப்புக்குள் புதியது எது வந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று பொருள். நேற்றுவரை எந்தப் பதிப்பு ஓடியது என்பதற்குச் சாட்சி லாக் கோப்பு மட்டும்தான். அதை அழித்தால் ஒரு பிழையைத் தீர்க்க நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை ஒரே நேரத்தில் நகர்த்தியதாகிறது. பிழை போனாலும் எதனால் போனது என்று தெரியாது.

குறிமுறைக் கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் ரோலப் என்ற கருவியின் விஷயத்தில் இதன் விலையைக் கண்டோம். 2023 அக்டோபரில் வந்த ரோலப் 4, குறிமுறையைப் படித்துப் பிரிக்கும் வேலையை, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனியாகத் தொகுக்கப்பட்ட நேட்டிவ் கோப்புக்கு மாற்றியது. மேக்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பேக்கேஜ்கள். எல்லாம் 'ஆப்ஷனல்' பட்டியலில் இருக்கும்; அந்தந்தக் கணினிக்குப் பொருந்துவது மட்டும் இறங்கும். அடுத்த மாதம் வந்த பில்டு கருவியான வைட் 5 அதைத் தன்னோடு கொண்டுவந்தது. எங்கள் குழுவில் ஒருவர் வேறு ஏதோ முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக லாக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மேக்கில் மறுபடி இன்ஸ்டால் செய்தார். நோட் மாட்யூல்ஸ் அப்படியே இருந்தது. என்பிஎம் அதற்குள் இருந்த மேக் பேக்கேஜை மட்டும் புதிய லாக் கோப்பில் எழுதியது. லினக்ஸுக்கான வரிகள் விடுபட்டுப்போயின.

சர்வரில், லினக்ஸுக்கான ரோலப் மாட்யூலைக் காணவில்லை என்று பில்டு விழுந்தது. "அண்ணா, என் கணினியில் ஓடுகிறதே" என்றார் அவர். உண்மைதான், ஓடியது. இது என்பிஎம்மில் நெடுநாள் அறியப்பட்ட பிழை. ரோலப் குழுவினர் தங்கள் பிழைச்செய்திக்குள்ளேயே அதைச் சொல்லி, லாக் கோப்பையும் நோட் மாட்யூல்ஸையும் சேர்த்தே அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுமாறு அறிவுறுத்துகிறார்கள். அழித்ததால் வந்த நோய்க்கு இன்னும் கொஞ்சம் அழிப்பது மருந்து! நாங்கள் அப்படிச் செய்யவில்லை. குறிமுறை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாற்றிலிருந்து பழைய லாக் கோப்பை மீட்டு, முதலில் தொல்லை கொடுத்த ஒரே பேக்கேஜை மட்டும் புதுப்பித்தோம். லாக் கோப்பில் மாறியது சில வரிகள். அவற்றைக் கண்ணால் படிக்க முடிந்தது.

பிஎன்பிஎம்முக்கு மாறியது இதையடுத்துத்தான். மாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: பழைய லாக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். 'பிஎன்பிஎம் இம்போர்ட்' என்ற கட்டளை என்பிஎம் அல்லது யார்ன் லாக் கோப்பைப் படித்து, அதே பதிப்புகளோடு தன் லாக் கோப்பை எழுதிக்கொள்ளும். கருவியை மாற்றும் நாளில் பதிப்புகளும் மாறினால், வரும் பிழை எதனுடையது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

இம்போர்ட் செய்தும் முதல் பில்டு விழத்தான் செய்தது. விழுந்ததும் நல்லதுக்குத்தான். என்பிஎம் 2015-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, சார்புகளின் (நாம் கேட்ட பேக்கேஜ்களின்) சார்புகளையும் முடிந்தவரை நோட் மாட்யூல்ஸின் மேல்மட்டத்திலேயே பரப்பி வைக்கிறது. அதனால் நாம் கேட்டு வாங்காத பேக்கேஜையும் நம் குறிமுறையில் இம்போர்ட் செய்ய முடிகிறது. எங்கள் புராஜெக்டில் லோடாஷ் என்ற பேக்கேஜ் அப்படித்தான் குடியிருந்தது. பல கோப்புகளில் பயன்பாடு. பேக்கேஜ் ஜேசனில் பெயரே இல்லை. அட்டவணை காட்டும் வேறொரு பேக்கேஜின் தயவில் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பேக்கேஜை எழுதியவர் ஒரு நாள் லோடாஷ் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால், தொடர்பே இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் திரைகள் வெளுத்திருக்கும்.

பிஎன்பிஎம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. நீங்கள் பட்டியலிட்டவை மட்டும் மேல்மட்டத்தில் சிம்லிங்க்காக, அதாவது வேறிடத்தைச் சுட்டும் இணைப்பாக, இருக்கும். மற்ற அனைத்தும் புள்ளியில் தொடங்கும் பிஎன்பிஎம் கோப்புறைக்குள் ஒதுங்கியிருக்கும். வந்த பிழைகளை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் 'பிஎன்பிஎம் வொய்' கட்டளையைக் கொடுத்து யார் வழியாக, எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்று பார்த்து, அதே பதிப்பை முறையாகச் சேர்த்தோம். அலுப்பான வேலை. 'ஷேம்ஃபுல்லி ஹாயிஸ்ட்' என்ற தெரிவைப் போட்டால் எல்லாம் பழையபடி மேல்மட்டத்துக்கு வந்துவிடும், பிழையும் மறையும். அதைப் போடுவதென்றால் என்பிஎம்மிலேயே இருந்திருக்கலாம்.

இனி குறைகள். முதலாவது, ஆவணத்தை ஆழ்ந்து படிக்காதவர்களுக்குத் தெரியாத ஒன்று. பிஎன்பிஎம் ஒரு பேக்கேஜின் கோப்புகளைக் கணினியில் 'ஸ்டோர்' என்ற ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் நகல் எடுக்காமல் இணைப்பு மட்டும் கொடுக்கிறது. மேக்கில் பெரும்பாலும் எழுதும்போது பிரியும் நகல் கிடைக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கிடைப்பது ஹார்டு லிங்க். அதாவது எல்லாப் புராஜெக்டிலும் அது ஒரே கோப்பு. பிழை தேடும் வேகத்தில் நோட் மாட்யூல்ஸுக்குள் நுழைந்து மதிப்பைத் திரையில் காட்டும் ஒரு கன்சோல் லாக் வரியை எழுதிவைத்தால், அந்த வரி அடுத்த புராஜெக்டிலும் பேசத் தொடங்கும். 'பிஎன்பிஎம் ஸ்டோர் ஸ்டேட்டஸ்' கட்டளை இப்படிக் கைபட்ட பேக்கேஜ்களைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே கைவைத்தே ஆகவேண்டும் என்றால் 'பிஎன்பிஎம் பேட்ச்' இருக்கிறது. மாற்றம் தனிக் கோப்பாகக் கிட்டில் பதிவாகும்.

விண்டோஸில் வேறு தொல்லை. ஹார்டு லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் செல்லும். ஸ்டோர் சி டிரைவில், புராஜெக்ட் டி டிரைவில் என்றிருந்தால் டி டிரைவில் இன்னொரு ஸ்டோர் முளைக்கும். இடம் மிச்சமாகும் என்று நம்பியவர் டிஸ்க் நிரம்புவதைப் பார்த்துக் குழம்புவார். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உள்ள பென்டிரைவில் வைத்து வேலை செய்ய நினைத்தால், அந்த நினைப்பையே விட்டுவிடுவது நல்லது.

சில சிக்கல்களுக்குப் பேக்கேஜ் மேனேஜர் பொறுப்பே இல்லை. இங்குள்ள ஆலைகளில் வெளியே போகும் இணையப் போக்குவரத்தை நிறுவனத்தின் இடைநிலைச் சர்வரான பிராக்ஸி பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழை ஒட்டி அனுப்புவது வழக்கம். வாடிக்கையாளர் ஒருவரின் ஆலைக்குள் அமர்ந்து இன்ஸ்டால் செய்தபோது 'செல்ஃப் சைன்ட்' சான்றிதழ் பிழை வந்தது. சான்றிதழைச் சரிபார்க்கும் 'ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல்' அமைப்பை அணைத்துவிடுங்கள் என்று இணையம் முழுக்க ஆலோசனை கிடைக்கும். கேட்காதீர்கள். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது அது. ஆலையின் ஐடி பிரிவிடம் அவர்களுடைய மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடுத்தால் முடிந்தது. வாங்குவதற்குத்தான் படிவம், கையொப்பம் என்று நேரம் பிடிக்கும். அதேபோல், பைத்தான் 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் நீக்கப்பட்ட பிறகு, நேட்டிவ் கோப்புகளைத் தொகுத்துத்தரும் நோட்-ஜிப்பின் பழைய பதிப்பு கொண்ட பேக்கேஜ்கள் உடைந்தபோதும் திட்டு வாங்கியது பிஎன்பிஎம்தான், பாவம்.

பதிப்பு விவகாரத்தில் மட்டும் பிஎன்பிஎம்மின் மேல் எனக்கு உண்மையான மனத்தாங்கல் உண்டு. எட்டாம் பதிப்பு எழுதும் லாக் கோப்பின் வடிவம் வேறு, ஒன்பதாம் பதிப்பின் வடிவம் வேறு. குழுவில் இரண்டும் கலந்திருந்தால் ஒவ்வொரு கமிட்டிலும் லாக் கோப்பு முழுதாகத் திருத்தி எழுதப்படும். பேக்கேஜ் ஜேசனில் 'பேக்கேஜ் மேனேஜர்' என்ற புலத்தில் பதிப்பைக் குறித்து, பேக்கேஜ் மேனேஜரின் பதிப்பை நிர்வகிக்கும் கோர்பேக் மூலம் எல்லோரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்தோம். 2025 தொடக்கத்தில், சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, அந்தக் கோர்பேக்கே காலை வாரியது. பேக்கேஜ்கள் வெளியாகும் என்பிஎம் பதிவகம் கையொப்பச் சாவிகளை மாற்றியிருந்தது. பழைய கோர்பேக்குக்குள் பழைய சாவிகள்தான் பதிந்திருந்தன. பொருந்தும் சாவி இல்லை என்று சொல்லி பில்டு நின்றது. சரிபார்ப்பையே முடக்கிவிடலாம் என்ற யோசனை இங்கும் வந்தது. கோர்பேக்கைப் புதுப்பித்ததே போதுமானதாக இருந்தது. பிஎன்பிஎம் பத்தாம் பதிப்பு அந்தப் புலத்தைத் தானே படித்துத் தன் பதிப்பை மாற்றிக்கொள்வதால், இப்போது கோர்பேக்கை விட்டுவிட்டோம். நோட் 25-லும் அது சேர்த்து வழங்கப்படுவதில்லை.

அதே 2025 ஜனவரியில் வந்த பத்தாம் பதிப்பு இன்னொன்றையும் செய்தது. சார்புப் பேக்கேஜ்களின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை, அதாவது இன்ஸ்டால் நேரத்தில் தானாக ஓடும் குறிமுறையை, நாம் அனுமதிக்காமல் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. இன்ஸ்டால் பச்சையாக முடிந்துவிடும். செயலியை ஓட்டினால், பெட்டர் எஸ்க்யூலைட்3 என்ற தரவுத்தளப் பேக்கேஜ் தன் நேட்டிவ் கோப்பைக் காணாமல் விழும். புறக்கணிக்கப்பட்ட ஸ்கிரிப்ட்களின் பெயர்கள் இன்ஸ்டாலின் இறுதியில் ஒரு கட்டத்துக்குள் வந்திருக்கும்; படிக்கிறவர்தான் குறைவு. 'பிஎன்பிஎம் அப்ரூவ் பில்ட்ஸ்' கொடுத்து, உண்மையில் தேவைப்படுகிறவற்றுக்கு மட்டும் அனுமதி தந்தோம். பட்டியல் வியக்கத்தக்க அளவு சிறியது.

இது தேவையற்ற கெடுபிடி என்று அப்போது குழுவில் முணுமுணுப்பு இருந்தது. 2025 செப்டம்பரில் அது அடங்கியது. முதலில் சாக், டீபக் போன்ற, எங்கும் இருக்கும் பேக்கேஜ்களின் பராமரிப்பாளர் கணக்கு ஒன்று ஏமாற்று மின்னஞ்சலால் பறிபோய், கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் குறிமுறையோடு புதிய பதிப்புகள் வெளியாகின. அடுத்த வாரம் 'ஷாய்-ஹுலூத்' என்ற புழு இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியாகவே நுழைந்து, நிரலாளர்களின் ரகசியச் சாவிகளைத் திருடிப் பரவியது. ஸ்கிரிப்ட் தடை இரண்டாவதற்குத்தான் தடுப்பு. முதலாவதற்கு அது உதவாது. அந்த மாதமே பிஎன்பிஎம் 10.16-ல் 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்ற அமைப்பு வந்தது. ஒரு பதிப்பு வெளியாகி இத்தனை நிமிடம் கழியும்வரை தொடாதே என்று சொல்லிவைக்கலாம். நாங்கள் 1440 என்று, அதாவது ஒரு நாள் என்று வைத்திருக்கிறோம். இத்தகைய நச்சுப் பதிப்புகள் பல, சில மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்படுகின்றன என்பதால் ஒரு நாள் பொறுப்பதில் பொருள் இருக்கிறது. பக்க விளைவும் உண்டு: நேற்றிரவு வெளியான பாதுகாப்புத் திருத்தமும் காத்திருக்கும். அதற்கு மட்டும் விலக்குப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும்.

இப்போது பிழை வந்தால் எங்கள் குழுவில் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. திரையில் கடைசியாகத் தெரியும் சிவப்பு வரியை விட்டுவிட்டு, மேலே உருட்டி முதல் பிழையைப் படிக்கிறோம். நோட் பதிப்பு சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். கடைசியாக ஓடிய கமிட்டுக்கும் இப்போதைக்கும் இடையில் லாக் கோப்பில் என்ன மாறியது என்று கிட் டிஃப் எடுக்கிறோம். பெரும்பாலும் அங்கேயே ஆள் பிடிபடுகிறான். பொலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வரும் தம்பிமார்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

எல்லோரும் மாறவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒரே ஆள், ஒரே இயங்குதளம், சிறிய புராஜெக்ட் என்றால் என்பிஎம் போதும். சர்வரில் 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'சிஐ' கட்டளையைப் பயன்படுத்தினால் லாக் கோப்பில் உள்ளதே அப்படியே வரும், மீறினால் நின்றுவிடும். பல பேக்கேஜ்களை ஒரே ரெப்பாசிட்டரியில் வைத்திருக்கிறவர்களும், பல இயங்குதளங்களில் வேலை செய்கிறவர்களும் தயங்காமல் பிஎன்பிஎம்முக்குப் போகலாம். எங்களிடம் ரியாக்ட் நேட்டிவ் கொண்டு எழுதிய கைபேசிச் செயலி ஒன்று இருக்கிறது. அதை மாற்றிப் பார்த்தபோது சிம்லிங்க்குகளோடு ஒத்துப்போகாமல், 'நோட் லிங்க்கர்' அமைப்பை 'ஹாயிஸ்டட்' (பழையபடி எல்லாவற்றையும் மேல்மட்டத்தில் பரப்பு) என்று வைத்துத்தான் ஓட்ட முடிந்தது. அப்படி ஓட்டுவதில் எங்களுக்குக் கிடைப்பது அதிகமில்லை என்பதால், அது மட்டும் இன்றுவரை என்பிஎம்மிலேயே இருக்கிறது.